கொள்முதல் சீசனில் போன தூக்கம்

மன்னார்குடி பக்கம் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறேன். சம்பா வரத்து கூடியதிலிருந்து விடிகாலை மூணு மணிக்கே விழிப்பு, வயிற்றில் பிசைவு, எழுதி முடித்த மூட்டைக் கணக்கைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்க்கிற பழக்கம். கேஸ் மாத்திரை, ஸ்கேன், லீவு எதுவும் எடுபடவில்லை.

மனச்சோர்வாக இருக்குமோ என்று பார்க்க பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வி வினாத்தாளை எடுத்தேன். அதை வேலையிடத்தில் மேலதிகாரி பக்கத்தில் நிற்க நிரப்பினால் எல்லாருக்கும் சைபர்தான் வரும், யார் உண்மையை எழுதுவார்கள்? வீட்டில் தனியாக நிரப்பினேன், 27-க்கு 14. பத்து வந்தாலே டாக்டரைப் பார்க்கணும். செத்துவிடலாம் என்ற நினைப்பைக் கேட்கும் ஒன்பதாவது கேள்விக்கு 'ஆமாம்' என்றால், மொத்தம் குறைவாக இருந்தாலும் தாமதிக்கக்கூடாது.

அப்புறம் 14416-க்குப் போன் செய்தேன். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம்தான், தமிழிலேயே பேசினார்கள். அவர்கள் சொல்லி அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனேன். அங்கே கொடுத்த மாத்திரை வேலை செய்யச் சில வாரமாகும், நடுவில் நிறுத்தாதீர்கள். இப்போது அஞ்சரை வரை தூங்குகிறேன்.