சவுண்ட் கார்டு மோதலைக் கண்டறிந்து தீர்க்கும் முறை

மேசைக் கணினியில் புதிதாகப் பொருத்திய சவுண்ட் கார்டு ஒலி எழுப்பவில்லை என்றால், அட்டை பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன், விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, அட்டையின் பெயருக்கு அருகே மஞ்சள் நிற ஆச்சரியக்குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயரை இருமுறை சொடுக்கினால் வரும் பெட்டியில் 'கோடு 12' என்று இருந்தால், அட்டைக்குத் தேவையான வளங்கள் கிடைக்கவில்லை, அதாவது அவற்றை வேறொரு சாதனம் பிடித்திருக்கும் மோதல் இருக்கலாம் என்று பொருள். 'கோடு 28' என்றால் டிரைவர் (அட்டையை இயக்கும் மென்பொருள்) நிறுவப்படவில்லை, அங்கே மோதலைத் தேடுவது வீண்வேலை.

கோடு 12 வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது மதர்போர்டிலேயே உள்ள ஒலி வசதியை. கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயாஸுக்குள் சென்று அதை முடக்கிச் சேமியுங்கள். அப்போதும் தீராவிட்டால், மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, அட்டையை வேறொரு ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். பல மதர்போர்டுகளில் ஸ்லாட் மாறும்போது ஐஆர்க்யூ எண்ணும் (ஒரு சாதனம் செயலியின் கவனத்தைக் கேட்கப் பயன்படுத்தும் தடத்தின் எண்) மாறும். பிசிஐ வகை ஸ்லாட்டில் பொருந்தும் அட்டைகள் ஒரே எண்ணைப் பகிர்ந்துகொள்ள இயலும் என்பதால், எண் ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து மோதல் என்று சொல்லிவிட முடியாது.

பிசிஐக்கு முந்தைய ஸ்லாட் வகையான ஐஎஸ்ஏவில் பொருந்தும் பழைய அட்டைகளின் கதை வேறு. அவற்றுக்கு இந்தப் பகிர்வு பொதுவாக இயலாது. சவுண்ட் பிளாஸ்டர் வகை அட்டைகள் வழக்கமாகக் கேட்கும் ஐஆர்க்யூ 5-ஐயே இரண்டாவது பிரிண்டர் போர்ட்டும் கேட்கும் என்பதால், பயன்படாத அந்தப் போர்ட்டை முடக்குவது அட்டையில் எண்ணைத் தேர்ந்தெடுக்க உதவும் சிறு இணைப்பிகளான ஜம்பர்களை மாற்றுவதைவிட எளிது.