செல்லின் ஆற்றலை அளக்கும்போது சறுக்கும் இடங்கள்

செல் எவ்வளவு ஆற்றல் தயாரிக்கிறது என்று பார்க்க நம்மில் பலர் முதலில் கையில் எடுப்பது, செல் ஆற்றலாகச் செலவழிக்கும் மூலக்கூறான ஏடிபியை அளக்கும் கிட்தான். செல்லை உடைத்து, மின்மினிப் பூச்சியின் லூசிஃபரேஸ் நொதியைச் சேர்த்தால் வெளிச்சம் வரும், அதை எண்ணாகப் படித்துவிடலாம். எண் ஏறினால் உற்பத்தி ஏறியது, இறங்கினால் இறங்கியது என்று உடனே எழுதியும் விடுகிறோம். தவறு இங்கேயே தொடங்கிவிடுகிறது.

அந்த வெளிச்சம் சொல்வது, செல்லை உடைத்த நொடியில் உள்ளே எவ்வளவு ஏடிபி இருப்பில் இருந்தது என்பதை மட்டும்தான். தொட்டியில் தண்ணீர் மட்டம் அசையாமல் நிற்கிறது என்றால் குழாய் மூடியிருக்கலாம், இல்லை குழாயும் வடிகாலும் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டும் இருக்கலாம், மட்டத்தை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது. செல் தன் ஏடிபி இருப்பை விடாப்பிடியாகக் காப்பாற்றும். ஆக்சிஜனைக் கொண்டு ஏடிபி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா சுணங்கினால், ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைத்து ஏடிபி எடுக்கும் கிளைகாலிசிஸைக் கூட்டிக்கொள்ளும், செலவையும் சுருக்கிக்கொள்ளும். அதனால் மைட்டோகாண்ட்ரியாவின் உற்பத்தி பெருமளவு விழுந்த பிறகும் ஏடிபி அளவு பழையபடியே காட்டலாம். மாறாக, அளவு குறைந்திருந்தால் செல்களே பாதி செத்துப்போயிருக்கவும் வாய்ப்புண்டு. உடைப்பதில் தாமதமானால் இன்னொரு சிக்கல்: செல்லுக்குள் இருக்கும் நொதிகளே ஏடிபியைத் தின்றுவிடும்.

செல்கள் ஒரு மஞ்சள் சாயத்தை ஊதாப் படிகமாக்குவதை அளக்கும் எம்டிடி சோதனையை ‘மைட்டோகாண்ட்ரியா செயல்பாடு’ என்று எழுதுவதும் இதே வகைதான். அந்த ஊதாப் படிகம் மைட்டோகாண்ட்ரியாவில் மட்டும் உருவாவதில்லை, பெரும்பகுதி அதற்கு வெளியேதான் உருவாகிறது. செல் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று தோராயமாகப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

சரி, இருப்பை விட்டுவிட்டு உற்பத்தியின் ஓட்டத்தை அளப்பது எப்படி? ஆக்சிஜன் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்ப்பதுதான் நல்ல வழி. மூடிய அறையில் ஆக்சிஜனை அளக்கும் கிளார்க் எலெக்ட்ரோடில் தொடங்கி, பல சிறு குழிகளில் செல் போட்டு ஒரே நேரத்தில் அளக்கும் இன்றைய சீஹார்ஸ் பிளேட் வரைக்கும் அடிப்படை இதுவே. ஆனால் ஆக்சிஜன் செலவாவதெல்லாம் ஏடிபிக்காக அல்ல. மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் இருக்கும் சுவாசச் சங்கிலி புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது, அவை ஏடிபி சிந்தேஸ் என்ற நொதி வழியாகத் திரும்பினால்தான் ஏடிபி வரும். சவ்வு வழியாகக் கசிந்து திரும்பினால் வெறும் வெப்பம்தான். மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தொடர்பே இல்லாத நொதிகளும் ஆக்சிஜனை எடுக்கும். அதனால் ஒலிகோமைசின் போட்டு ஏடிபி சிந்தேஸை அடைத்து, எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும், கடைசியில் சுவாசச் சங்கிலியையே நிறுத்தும் ரோட்டினோனும் ஆன்டிமைசினும் போட்டு, அப்போதும் செலவாகும் மிச்சத்தைக் கழிக்க வேண்டும். இதைச் செய்யாமல் ‘ஆக்சிஜன் செலவு கூடியது, எனவே ஆற்றல் கூடியது’ என்று சொல்லவே கூடாது. கசிவு கூடினாலும் ஆக்சிஜன் செலவு கூடத்தான் செய்யும், கிடைக்கும் ஏடிபிதான் கூடாது.

இந்த வரிசையில் அதிகம் சொதப்புவது எஃப்சிசிபி. சவ்வைப் புரோட்டானுக்குத் திறந்துவிட்டுச் சுவாசத்தை உச்சத்துக்குத் தள்ளுகிற மருந்து இது. அளவு குறைந்தால் உச்சம் வராது. கூடினால் உச்சத்தைத் தாண்டிச் சுவாசமே விழ ஆரம்பிக்கும். இரண்டிலும் திரையில் தெரிவது ஒன்றுதான், குட்டையான ஒரு மேடு. ஒரு செல் வகைக்குச் சரியாக வந்த அளவு இன்னொன்றுக்கு வராது. செல் இருக்கும் திரவமான மீடியத்தில் சீரமோ ஆல்புமினோ இருந்தால் மருந்தின் ஒரு பகுதியை அதுவே பிடித்துவைத்துக்கொள்ளும், அப்போது கணக்கு மறுபடி மாறும். நான் ஒருமுறை இரண்டு செல் வகைகளை ஒரே எஃப்சிசிபி அளவில் ஒப்பிட்டு, ஒன்றில் மேலதிகத் திறன் (வழக்கமான சுவாசத்துக்கும் உச்சத்துக்கும் உள்ள இடைவெளி) சுத்தமாக இல்லை என்று முடிவே கட்டிவிட்டேன். அப்புறம் அளவைப் படிப்படியாக ஏற்றிப் பார்த்தபோது இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்குப் போயின. சில செல்களில் ஒலிகோமைசின் முதலில் போட்டாலே உச்சம் மட்டுப்படும், அதையும் தனியாக ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

அடுத்தது அமிலம். மீடியம் எவ்வளவு வேகமாகப் புளிக்கிறதோ அதுதான் கிளைகாலிசிஸ் என்று அப்படியே எடுத்துக்கொள்வது ரொம்பப் பரவலான பழக்கம். ஒரு குளுக்கோஸ் லாக்டேட் ஆனால் 2 புரோட்டான் வெளிவரும். அதே குளுக்கோஸ் முழுவதும் எரிந்தால் 6 கார்பன் டைஆக்சைடு, அது தண்ணீரில் கரைந்து பைகார்பனேட் ஆகும்போது 6 புரோட்டான். அதாவது நன்றாகச் சுவாசிக்கிற செல்லும் மீடியத்தைப் புளிக்கவைக்கும், ஒரு குளுக்கோஸுக்குக் கணக்குப் பார்த்தால் கூடுதலாகவே புளிக்கவைக்கும். எனவே சுவாசத்திலிருந்து வந்த பங்கைக் கழித்துவிட்டுப் பேசுங்கள், முடிந்தால் லாக்டேட்டையே நேரடியாக அளந்துவிடுங்கள். மீடியத்தின் பஃபர் திறன் (அமிலம் சேர்ந்தாலும் புளிப்பு ஏறாமல் தாங்கும் அளவு) தெரியாமல் இந்தக் கழித்தலைச் செய்ய முடியாது என்பதால் அதையும் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒளிரும் சாயம் போட்டு மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு மின்னழுத்தம் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மின்னழுத்தம் கூடியிருப்பதால் ஏடிபி கூடுகிறது என்று பொருளில்லை. ஒலிகோமைசின் போட்டால் ஏடிபி சிந்தேஸ் நின்றுபோகும், ஆனால் புரோட்டான் திரும்பிவர வழியில்லாததால் மின்னழுத்தம் ஏறும். உற்பத்தி நின்ற இடத்தில் சாயம் பளிச்சென்று தெரியும்! டிஎம்ஆர்எம் போன்ற சாயங்களில் செறிவும் முக்கியம். குறைந்த செறிவில் மின்னழுத்தம் இறங்கினால் ஒளி மங்கும். செறிவு கூடி, சாயம் உள்ளே நெருக்கியடித்துத் தன் ஒளியைத் தானே அணைத்துக்கொள்ளும் நிலையில், மின்னழுத்தம் இறங்கும்போது ஒளி தற்காலிகமாக ஏறும். எந்த நிலையில் இருக்கிறோம் என்று தெரியாமல் படம் எடுத்தால் முடிவு தலைகீழாகிவிடும். எஃப்சிசிபி போட்டு ஒளி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டால் தெரிந்துவிடும்.

இனி பிளேட். எல்லாக் குழியிலும் ஒரே எண்ணிக்கையில் செல் போட்டேன் என்று நாம் நினைப்போம். மீடியம் மாற்றிய பிறகு மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொரு குழியாகப் பாருங்கள். பைப்பெட் முனை அடியில் உரசிய இடத்தில் பிறை வடிவத்தில் செல்லே இல்லாமல் வெறுமையாக இருக்கும், பெயர்ந்து வந்த படலம் ஓரத்தில் சுருண்டு கிடக்கும். இன்னொரு குழியில் செல்கள் எல்லாம் விளிம்பில் வளையமாகக் குவிந்து நடுவில் காலியாக இருக்கும். செல் போட்டவுடன் இன்குபேட்டருக்குள் தள்ளாமல் ஒரு மணி நேரம் அறை வெப்பத்தில் அசைக்காமல் வைத்தால் இந்த வளையம் பெரும்பாலும் வராது. இதையெல்லாம் பார்க்காமல் ஓட்டிவிட்டு, ‘மருந்து சுவாசத்தைக் குறைத்தது’ என்று எழுதினால், குறைத்தது மருந்தா பைப்பெட்டா என்று யாருக்குத் தெரியும்?

அதனால் அளவீட்டு ஓட்டம் முடிந்ததும் அதே குழிகளில் செல்லை எண்ணுங்கள். கருவுக்குச் சாயம் போட்டுப் படம் எடுத்து எண்ணுவது எனக்குப் பிடித்த வழி. சுவாச எண்ணை அந்தச் செல் எண்ணிக்கைக்குப் பதில் புரத அளவால் வகுப்பதும் உண்டு, ஆனால் உங்கள் மருந்து செல்லின் பருமனையே மாற்றினால் வகுக்கும் எண்ணும் சேர்ந்து நகர்ந்துவிடும். எதால் வகுத்தாலும் வகுக்காத எண்களையும் ஒருமுறை பாருங்கள். வகுத்த பிறகு மட்டும் தெரிகிற வித்தியாசம் என்றால் எனக்குச் சந்தேகம்தான். ஒரே பிளேட்டில் 8 குழி இருந்தால் அது 8 சோதனை ஆகாது. வேறு நாளில், வேறு தொகுதி செல்லில் மறுபடி செய்தால்தான் இரண்டாவது சோதனை.

மூடிய அறையில் எலெக்ட்ரோடு வைத்து அளப்பவர்கள் கழுவுவதில் அசட்டையாக இருக்கக் கூடாது. ஒலிகோமைசினும் ஆன்டிமைசினும் தண்ணீருக்குப் போகாது, சுவரிலும் மூடியிலும் ஒட்டிக்கொண்டே இருக்கும். எத்தனாலால் பலமுறை கழுவ வேண்டும். அடுத்த ஓட்டத்தில் எதுவுமே போடாத செல்கள் காரணமில்லாமல் மந்தமாகச் சுவாசித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது செல்லை அல்ல, அறையைத்தான்.

அப்புறம் அந்தச் செல்கள் எதைத் தின்று வளர்ந்தன என்பது. வழக்கமான மீடியம் ஒன்றில் குளுக்கோஸ் 25 மில்லிமோலார், மனித இரத்தத்தில் சுமார் 5. இவ்வளவு சர்க்கரை கிடைக்கும்போது பல புற்றுச் செல்கள் சுவாசத்தையே குறைத்துக்கொள்கின்றன, 1929-லேயே கிராப்ட்ரீ என்ற ஆய்வாளர் கவனித்தது இது. அந்த நிலையில் மைட்டோகாண்ட்ரியாவை நாசமாக்கும் மருந்தைப் போட்டாலும் செல் கிளைகாலிசிஸில் ஓடிக்கொண்டே இருக்கும், நாமும் மருந்து பாதுகாப்பானது என்று எழுதிவிடுவோம். குளுக்கோஸை எடுத்துவிட்டு, கிளைகாலிசிஸ் மட்டும் கைகொடுக்காத காலக்டோஸ் என்ற சர்க்கரையில் வளர்த்து அதே மருந்தை, அதே அளவில் போட்டுப் பாருங்கள். முதல் பிளேட்டில் ஒன்றும் ஆகாத செல்கள் இரண்டாவது பிளேட்டில் கழன்று மிதக்கும்.