‘ஸ்பிரிங்’ வசந்தமா, சுருள்வில்லா?

தெளிப்பான், இன்ஜின் பம்பு கையேட்டைத் தமிழாக்கும்போது ஆங்கிலச் சொல் குழப்பினால், அதே கையேட்டின் பிரெஞ்சுப் பக்கத்தைப் பாருங்கள். ஆங்கில ‘நட்’ போல்ட்டில் மாட்டும் நட்டும் ஆகும், முந்திரி போன்ற கொட்டையும் ஆகும். பிரெஞ்சில் நட்டுக்கு ‘எக்ரூ’ என்று தனிச்சொல். ‘ஸ்பிரிங்’கும் அப்படியே: சுருள்வில்லுக்கு ‘ரெசோர்’, வசந்தத்துக்கு வேறு சொல். போன் மொழிபெயர்ப்பு ‘வசந்தத்தை இறுக்கவும்’ என்றால், குறுவை அவசரத்தில் நிற்கும் மன்னார்குடி விவசாயி எதை இறுக்குவார்? ஜெர்மன் இந்த இடத்தில் கைகொடுக்காது, ‘ஃபேடர்’ அங்கே சுருள்வில்லும்தான், இறகும்தான்.

சீனத் தயாரிப்பென்றால் பிரெஞ்சுப் பக்கமே ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்ததாக இருக்கலாம். சீனப் பக்கத்தையும் படத்திலுள்ள பாக எண்ணையும் ஒப்பிடுங்கள். கோயம்புத்தூர் மோட்டார் கையேட்டில் பெரும்பாலும் பிரெஞ்சே இருக்காது, மெக்கானிக்கைக் கேட்பதுதான் வழி.