எழினி என்று பெயர் வைக்கப் போகிறீர்களா?

குழந்தைக்குத் தமிழ்ப் பெயர் கேட்டு வருகிறவர்கள் இப்போதெல்லாம் போனில் ஒரு பட்டியலோடுதான் வருகிறார்கள். பெயருக்கு எதிரே ஒரே சொல்லில் பொருள் போட்டிருக்கும். போன மாதம் வந்த தம்பதி காட்டியதில் ‘எழினி – அழகானவள்’ என்று இருந்தது. முப்பது வருடம் தமிழ் நடத்திய நானே ஒரு காலத்தில் செய்த தவறு அது. பார்த்ததும் மனசு சுருக்கென்றது. இந்தப் பெயரை வைக்கும்போது நடக்கிற தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எழிலோடு முடிச்சுப் போடுவது

எழினி ஆண் பெயர். தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் மரபில் வழங்கிய பெயர். யாழினி, நளினி, மாலினி என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது பெண் பெயராக ஒலிக்கிறது. முன்பாதியில் ‘எழில்’ வேறு கேட்கிறது. அவ்வளவுதான், பொருள் தயார்.

என்னோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் பேத்திக்கு இந்தப் பெயரை யோசித்து, “என்ன அர்த்தம் ஐயா?” என்று கேட்டார். “எழில் உடையவள்” என்றேன், புத்தகத்தைத் தொடாமலே. அழைப்பிதழில் அதையே அச்சடித்தார். அந்தப் பெண் பிளஸ் டூ படிக்கும்போது புறநானூற்றோடு என் வீட்டுக்கு வந்தாள். 230ஆம் பாட்டில் விரலை வைத்து, “தாத்தா, இது போர்ல செத்துப்போன ராஜா பேராச்சே?” என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

அரிசில் கிழார் பாடிய பாட்டு அது. எழினி ஆண்டபோது கன்றுகளோடு மாடுகள் காட்டிலேயே தங்கின. வழிப்போக்கர்கள் நினைத்த இடத்தில் படுத்தார்கள். களத்தில் நெற்குவியல் காவல் இல்லாமல் கிடந்தது. அவன் போர்க்களத்தில் விழுந்ததும், தாயை இழந்த குழந்தைபோல் சுற்றத்தார் அழுகிறார்கள். புலவர் கூற்றுவனைப் பார்த்துச் சொல்கிறார்: நொடித்துப்போன உழவன் விதைநெல்லைத் தின்றதுபோல் இவன் உயிரைத் தின்றுவிட்டாய், விட்டிருந்தால் இவன் களத்தில் எத்தனை பகைவர் உயிரைப் பருகியிருப்பாய்! ‘பொய்யா எழினி’, அதாவது சொல் தவறாத எழினி, என்பது பாட்டிலேயே இருக்கிற தொடர். இவ்வளவும் அந்தப் பெயருக்குள் இருக்க, நான் ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டேன்.

பெண்ணுக்கு வைப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. இன்று என் காதில் விழுகிற எழினிகள் பெரும்பாலும் பெண்கள்தான். என்னால் பொறுக்க முடியாதது, இந்தத் தவறான பொருளால் ஆண் குழந்தைகளின் கையைவிட்டு இந்தப் பெயர் போவது. போன மாதத் தம்பதி மகனுக்குத்தான் எழினி என்று முதலில் நினைத்திருந்தார்கள். “பொம்பளப் புள்ள பேரு” என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்ல, போனில் பட்டியலும் அதையே சொல்ல, எழிலன் என்று மாற்றிப் பதிவும் செய்துவிட்டார்கள். நான் 158ஆம் பாட்டைப் பிரித்துக் காட்டினேன். வள்ளல் எழுவரை அடுக்கும் அந்தப் பாட்டில் பாரி, ஓரியோடு ‘கூவிளங் கண்ணிக் கொடும்பூண் எழினியும்’ (வில்வ மாலையும் வளைந்த அணியும் பூண்ட எழினியும்) இருக்கிறான். குழந்தையின் அப்பா அந்த வரியை இரண்டு தரம் வாசித்துவிட்டு மூடி வைத்தார்.

அகராதியோடு நின்றுவிடுவது

அகராதி ‘திரைச்சீலை’ என்று சொல்லும். சரிதான். முல்லைப்பாட்டில் அரசனின் பாசறைக்குள் எழினி கட்டி இரண்டு அறையாகத் தடுத்திருப்பார்கள். சிலப்பதிகார அரங்கில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று வகை உண்டு. ‘திரைச்சீலையா!’ என்று இந்தப் பெயரைக் கைவிட்டவர்களும் இருக்கிறார்கள். ஓரி, பேகன் என்றெல்லாம் வைக்கும்போது அகராதியைப் பார்த்தா வைக்கிறோம்? அந்த ஆளை நினைத்துத்தானே வைக்கிறோம்.

ஒரே ஆள் என்று நினைப்பது

புறநானூறு 158இல் வருபவனை அதியமான் நெடுமான் அஞ்சி என்று கொள்வார்கள். ஔவையார் பாடிய பொகுட்டெழினி அவன் மகன். தலையாலங்கானப் போரில் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் தோற்ற எழுவரிலும் ஓர் எழினி இருக்கிறான். இதை அகநானூறு 36இல் நக்கீரர் சொல்கிறார். போளூர் பக்கம் திருமலையில் உள்ள சமணக் கல்வெட்டு, எழினி செய்து வைத்த யட்சன், யட்சி என்ற காவல் தெய்வங்களின் உருவங்களை அவன் வழியில் வந்தவன் பிற்காலத்தில் மறுபடி எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. பிள்ளை கேட்டால் எந்த எழினி என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதுவது

‘ழ’வுக்கு ‘zh’ போடுவதா, ‘l’ போடுவதா? முதல் நாளே முடிவு செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பள்ளியிலும் ஒன்றாகவே இருக்கட்டும். அவசரம் வேண்டாம்: பிறப்பைப் பதிந்துவிட்டால், பெயரை ஓராண்டுக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம்.

நியூமராலஜிக்காக எழுத்து கூட்டுவது

கூடாது.