பழைய புத்தகக் கடை தொடங்க: வாங்குவது, கழிப்பது, விலை போடுவது

பழைய புத்தகக் கடையின் லாப நட்டம் சரக்கு வாங்கும் இடத்திலேயே பாதிக்கு மேல் முடிவாகிவிடும். ஓடாத புத்தகத்தை வாங்கி அடுக்கிவிட்டு, பெயர்ப்பலகை, இன்ஸ்டாகிராம் பக்கம் என்று எது செய்தாலும் விற்காது. அதனால் இங்கே வாங்குவதற்குத்தான் அதிக இடம். 100 முதல் 150 சதுர அடிக் கடை, சுமார் 1,500 புத்தகம், ஒரே ஆள் என்ற அளவில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றில் தொடங்குபவருக்கான விளக்கம் இது.

முதலில் சட்டம், சுருக்கமாக

அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. புத்தகம் மட்டுமே விற்றால் ஜிஎஸ்டி பதிவும் கட்டாயமில்லை. தொழில் உரிமத்துக்கு உங்கள் மாநகராட்சியிலோ நகராட்சியிலோ ஊராட்சியிலோ கேளுங்கள். ஒருவர் வாங்கிய புத்தகத்தை நீங்கள் மறுபடி விற்கப் பதிப்பாளர் அனுமதி வேண்டாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள பிரதிகளைத் தொடுவதில்லை. திருட்டுப் பதிப்புக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. தெரிந்தே விற்றால் 63ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. மங்கலான அட்டைப் படம், சாய்ந்த அச்சு, வழக்கத்தைவிட மெல்லிய தாள் மூன்றும் சேர்ந்திருந்தால் தொடாதீர்கள்.

படி 1: சரக்கு வாங்குதல்

பழைய பேப்பர் கடை, வீடு மாற்றுபவர்கள், மூடப்படும் வாடகை நூலகம், தேர்வு முடிந்த மாணவர் விடுதி என்று சரக்கு வரும் வழிகள் நான்கு. பேப்பர் கடையில் கட்டாக எடுத்தால் கணக்கு இப்படிப் போகும். கிலோ ₹25 வீதம் 100 கிலோ, ₹2,500. நடுத்தர அளவுப் புத்தகம் கிலோவுக்கு நான்கு என்று வைத்தால் 400 புத்தகம். அதில் 100 தேறினாலே நல்ல கட்டு. மீதி 75 கிலோவைக் கிலோ ₹12க்குத் திரும்ப எடைக்குப் போட்டால் ₹900 கைக்கு வரும். ஆக ₹1,600க்கு 100 புத்தகம், ஒன்று ₹16. எடை விலை ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம் மாறும். கணக்கின் முறை மாறாது. கடைக்காரர் பொறுக்கி எடுக்க விட்டால் கிலோவுக்கு இரண்டு மடங்கு கொடுத்தாலும் அதுவே மலிவு.

வீட்டில் வாங்கும்போது ஒவ்வொன்றாக விலை பேசாதீர்கள். முதலில் எல்லாவற்றையும் பார்த்து, உங்களுக்கு நிச்சயம் விற்கும் என்பதை மட்டும் தனியே எடுத்து, அவற்றின் மொத்த விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்கைச் சொல்லுங்கள். விற்றவரின் பெயர், தொலைபேசி எண், தேதி, தொகை நான்கையும் ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். திருட்டுச் சரக்கு என்று பின்னால் பிரச்சினை வந்தால் காட்ட அதுதான் இருக்கும்.

எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இவற்றை விட்டுவிடுங்கள்:

- நூலக முத்திரை இருந்து, நீக்கப்பட்ட நூல் என்ற முத்திரை இல்லாதவை.
- அரசின் விலையில்லாப் பாடநூல்கள். "விற்பனைக்கு அன்று" என்று உள்ளேயே அச்சிட்டிருக்கும்.
- பாடத்திட்டம் மாறிய பாடநூல்களும் கைடுகளும். 2018-19, 2019-20 கல்வியாண்டுகளில் மாநிலப் பாடநூல்கள் மாறின. அதற்கு முந்தையவை எடைக்கே போகும். போட்டித் தேர்வு எழுதுபவர்கள் சில பழைய வரலாற்று, தமிழ்ப் பாடநூல்களைத் தேடுவதுண்டு, ஆனால் அதை நம்பி மூட்டையாக வாங்கக் கூடாது.
- பழைய கம்ப்யூட்டர் புத்தகம், வருமான வரிக் கையேடு, தொகுதி உடைந்த கலைக்களஞ்சியம்.

படி 2: ஒவ்வொரு புத்தகத்தையும் சோதித்தல்

ஒரு புத்தகத்துக்கு ஒரு நிமிடம் போதும். தலைப்புப் பக்கமும் கடைசிப் பக்கமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதலில் கிழிவது அவைதான். பிறகு 16 பக்கத்துக்கு ஒருமுறை பக்க எண்ணைப் பாருங்கள். புத்தகம் ஃபாரம் ஃபாரமாக, அதாவது ஒரு பெரிய தாளில் பல பக்கங்களாக, அச்சாகி மடிக்கப்படுவதால், பிழை வந்தால் பெரும்பாலும் ஒரு ஃபாரம் முழுதாக விடுபட்டிருக்கும் அல்லது இரண்டு முறை சேர்ந்திருக்கும். அடுத்து முதுகை மெல்ல விரித்துப் பாருங்கள். பசை காய்ந்து பக்கம் கையோடு வந்தால் விலை பாதி. பக்கங்களுக்கு நடுவே கடிதமோ போட்டோவோ இருந்தால் எடுத்து வைத்து விற்றவருக்குச் சொல்லிவிடுங்கள்.

பத்திரிகைத் தொடர்களைக் கிழித்துச் சேர்த்த பைண்டு கட்டுகளில் கூடுதல் கவனம் வேண்டும். 'பொன்னியின் செல்வன்' இன்று பல பதிப்பகங்கள் வெளியிடும் நூல், சாதாரணப் பழைய பதிப்புக்குப் பெரிய விலை கிடைக்காது. அதே கதை 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்தபோது மணியம் வரைந்த படங்களோடு எடுத்துக் கட்டிய பைண்டு வந்தால் உடனே எடைக் கணக்கை மறந்துவிடுங்கள். அத்தியாய எண்களை வரிசையாகப் பாருங்கள். இரண்டு வாரம் விடுபட்டிருந்தாலும் சேகரிப்பாளர் கண்டுபிடித்துவிடுவார்.

படி 3: சுத்தமும் பூச்சியும்

புது வரவு எதுவும் நேராக அலமாரிக்குப் போகக் கூடாது. தனி இடத்தில் இரண்டு வாரம் வைத்துக் கவனியுங்கள். தாளின் மேற்பரப்பைச் சுரண்டியதுபோல் இருந்தால் ராமபாணப் பூச்சி. மண் வரி தெரிந்தால் கரையான், அந்தக் கட்டையே கடைக்குள் விடாதீர்கள். மதிப்புள்ள புத்தகத்தில் பூச்சி இருந்தால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடவேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துக்கொள்ளும்.

தூசியைக் காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால், புத்தகத்தை இறுக மூடிப் பிடித்து, முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். பூஞ்சை இருந்தால் முகக்கவசத்தோடு கடைக்கு வெளியே செய்யுங்கள். ஈரப் புத்தகத்தை வெயிலில் காய வைப்பது பரவலான தவறு: தாள் பழுக்கும், பசை வெடிக்கும், அட்டை வளையும். நிழலில் மின்விசிறிக் காற்று போதும். கிழிசலில் செல்லோ டேப் வேண்டாம். சில வருடங்களில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும்.

படி 4: அலமாரி

பலகையின் ஆழம் 9 அங்குலம் போதும். முக்கால் அங்குலப் பிளைவுட் என்றால் தாங்கலுக்குத் தாங்கல் 3 அடிக்கு மேல் போகாதீர்கள், நடுவில் தொய்யும். மூன்றடித் தட்டில் சுமார் 45 புத்தகம் நிற்கும். ஆறு தட்டு ரேக் ஒன்றில் 270, ஆக 1,500 புத்தகத்துக்கு ஆறு ரேக். தரையிலிருந்து 4 அங்குலமும் சுவரிலிருந்து 2 அங்குலமும் இடைவெளி விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதன் அருமை தெரியும்.

படி 5: விலை

விலையை 2பி பென்சிலால் முதல் பக்க வலது மூலையில் எழுதுங்கள். ஸ்டிக்கரை உரித்தால் பழைய தாளும் கூடவே வரும். இன்றும் அச்சில் உள்ள நூல், நல்ல நிலையில் என்றால் இப்போதைய அச்சு விலையில் பாதி. கோடு போட்டதற்கு மூன்றில் ஒன்று. அச்சில் இல்லாத நூலுக்கு அச்சு விலை எதையும் சொல்லாது. இணையத்தில் கேட்கும் விலையை விட்டுவிட்டு, விற்றுப்போன விலையைத் தேடுங்கள்.

விலைக்கு அடியில் வாங்கிய விலையை ரகசியக் குறியாக எழுதினால் பேரம் பேசும்போது எங்கே நிறுத்துவது என்று உடனே தெரியும். க ச ட த ப ற ங ஞ ண என்பவை 1 முதல் 9, ந என்பது 0 என்று வைத்தால், ₹45 என்பது 'தப', ₹60 என்பது 'றந'. இந்த வரிசையை இங்கேயே சொல்லிவிட்டோம், உங்களுக்கென்று மாற்றிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே வந்த மாதமும் இருக்கட்டும். ஆறு மாதம் போகாத புத்தகத்துக்கு விலை பாதி. ஒரு வருடமும் போகாவிட்டால் வாசலில் ₹20 பெட்டி.

படி 6: வெளியூருக்கு அனுப்புதல்

அஞ்சல் துறை 2025 மே 1 அன்று தொடங்கிய ஞான் போஸ்ட் என்ற புத்தக அஞ்சல் சேவையில் 300 கிராம் வரை ₹20, 5 கிலோ வரை ₹100, வரி தனி. வார, மாத இதழ்கள் இதில் செல்லாது. கட்டணத்தையும் விதியையும் அஞ்சலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொண்டே அனுப்புங்கள். புத்தகத்தை முதலில் பிளாஸ்டிக் உறையில் போட்டு, இருபுறமும் புத்தகத்தைவிட ஒரு விரல் அகலமான அட்டை வைத்து, அதன் மேல் பழுப்புத் தாள் சுற்றுங்கள். மூலை மடங்கினால் வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்பார். கட்டுவதற்கு முன் அட்டை, முதுகு, குறை உள்ள பக்கம் மூன்றையும் படமெடுத்து அவருக்கு அனுப்பிவிட்டால் அந்தப் பேச்சே வராது.