புத்துக் காளான்னு நெனச்சு பறிச்சீங்களா, ஒரு ராத்திரி பேப்பர்ல கவுத்து வைங்க

ஐப்பசி மழை விழுந்ததும் எங்க காரைக்குடி பக்கம் புத்து ஓரம் காளான் முளைச்சுடும், ஆயா காலத்துலேருந்து பறிச்சு குழம்பு வைக்கிறது தான். ஆனா புல்தரைல அதே மாதிரி வெள்ளையா பெருசா ஒண்ணு வரும், தின்னா வாந்தி பேதி தான். இளசுல அதோட அடி மடிப்பும் வெள்ளையா இருக்கும், முத்துனா தான் பச்சை தட்டும், அதான் ஏமாந்து போறோம்.

நல்லா விரிஞ்சதுல ஒண்ண எடுத்து தண்ட வெட்டிட்டு, குடைய மட்டும் வெள்ளை பேப்பர்ல கவுத்து கிண்ணம் போட்டு மூடி வைங்க. காலைல பச்சையா பொடி விழுந்திருந்தா மொத்தத்தையும் கொட்டிருங்க. புத்துக் காளான்னா லேசா ரோஸ் கலந்த பொடி, தோண்டிப் பாத்தா தண்டு வேர் மாதிரி கரையான் கூட்டுக்குள்ள நீளமா போகும், ரெண்டும் ஒத்து வரணும். வெள்ளைப் பொடின்னா நல்லதுன்னு நெனச்சுராதீங்க, ஆளையே கொல்ற அமனிட்டா காளான் விடுறதும் வெள்ளைப் பொடி தான், அந்த விஷம் கொதிக்க வச்சாலும் போகாது, வயித்து வலியே 6 மணி நேரத்துக்கு அப்புறம் தான் ஆரம்பிக்கும். வெள்ளிக் கரண்டி கறுக்குதான்னு பாக்குறதெல்லாம் தயவுசெஞ்சு நம்பாதீங்க.