அக்னிவீர் ரேலி: எல்லையோரப் பையன்கள் தாளில் கோட்டை விடும் இடங்கள்

நம் நாட்டில் ராணுவச் சேவை கட்டாயம் இல்லை. 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் அக்னிவீராக நான்கு வருடம் ராணுவத்துக்குப் போய் வருவது அவரவர் விருப்பம். ஆனால் விண்ணப்பம் போட்டுவிட்டால், தாள் விஷயத்தில், அதாவது சான்றுகளில், நம் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை. ரேலியில், அதாவது ஆட்சேர்ப்பு முகாமில், 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் ஓடி முடித்தவனும் ஒரு சீல் இல்லாமல் திரும்பி வருவான். கேரள-தமிழ்நாடு எல்லையில் கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் பக்கத்துப் பையன்களுக்கும் மூணாறு, பீர்மேடு எஸ்டேட் பையன்களுக்கும் இந்த ஆபத்து கொஞ்சம் கூடுதல். பள்ளிக்கூடம் ஒரு மாநிலம், ரேஷன் கார்டு இன்னொரு மாநிலம் என்று இருப்பதுதான் காரணம்.

முதல் தவறு பதிவு செய்யும்போதே நடக்கிறது. பாலக்காடு மாவட்டத்துக்காரருக்கு ஆட்சேர்ப்பு அலுவலகம் கோழிக்கோடு. இடுக்கிக்குத் திருவனந்தபுரம். செக்போஸ்டைத் தாண்டினால் பொள்ளாச்சிக்கும் தேனிக்கும் கோயம்புத்தூர். தென்காசி, கன்னியாகுமரிக்குத் திருச்சி. பொள்ளாச்சி பஸ்ஸில் கால் மணி நேரம்தானே, கோயம்புத்தூர் ரேலிக்கே போய்விடலாம் என்று நினைத்து மாவட்டத்தை மாற்றிப் போடுகிறார்கள். இருப்பிடச் சான்று எந்த மாவட்டத்திலிருந்து வருமோ அந்த மாவட்டத்தில்தான் பதிய முடியும். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று போட்டு வைப்போம், எது வந்தாலும் லாபம் என்பது அதைவிட மோசம்; ஆதார் ஒன்றுதான் என்பதால் மாட்டிக்கொள்வது உறுதி.

எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், வளர்ந்த பையனுக்கு இது நிஜமாகவே குழப்பம். படித்தது தேவிகுளம் தாலுகாவில். தாத்தா ஊர் சங்கரன்கோவில் பக்கம். ரேஷன் கார்டு அங்கே, ஆதார் முகவரி இங்கே. இவர்கள் பதிவு தொடங்கும் முன்பே உட்கார்ந்து ஒரு பக்கத்தை முடிவு செய்ய வேண்டும். எந்த தாசில்தார் இருப்பிடச் சான்றில் கையெழுத்துப் போடுவார் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் தெரிந்ததும் ஆதார் முகவரியையும் சாதிச் சான்றையும் அதே பக்கத்துக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது பெயர். பள்ளிச் சான்றில் செல்வகுமார் வி, ஆதாரில் செல்வகுமார் வேலுச்சாமி. அப்பாவின் பெயர் தமிழ்நாட்டு ரேஷன் கார்டில் வேலுச்சாமி, கேரளப் பள்ளியில் வேலுஸ்வாமி. வீட்டில் எல்லாருக்கும் அது ஒரே ஆள். மேஜைக்கு அந்தப் பக்கம் ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு இரண்டு ஆள். பத்தாம் வகுப்புச் சான்றில் இருக்கும் பெயரும் பிறந்த தேதியும்தான் அடிப்படை. ஆதாரை அதற்குத் தக்கபடி மாற்றுங்கள். சான்றை ஆதாருக்குத் தக்கபடி மாற்றக் கிளம்பினால் வருடம் போய்விடும். ஆதாரிலும் பெயரை இரண்டு முறைதான் திருத்தலாம், பிறந்த தேதியை ஒரே முறை. அவசரத்தில் அக்ஷயா சென்டரில் (கேரள அரசின் இ-சேவை மையம்) ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு வராமல், திரையில் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகே சம்மதம் சொல்லுங்கள். அம்மா பெயரையும் அப்படியே பாருங்கள். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

கேரளத்தில் எஸ்எஸ்எல்சி முடித்தவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஜெனரல் டியூட்டி என்னும் பொதுப்பணி வீரர் பிரிவுக்கு மொத்தத்தில் 45 சதவீதம், ஒவ்வொரு பாடத்திலும் 33 சதவீதம் வேண்டும். ஆனால் கேரளச் சான்றில் மதிப்பெண் கிடையாது, கிரேடு மட்டும்தான். அங்கே சி என்றால் 40 முதல் 49 வரை. டி பிளஸ் என்றால் 30 முதல் 39 வரை. எல்லாப் பாடத்திலும் சி வாங்கியவன் 45-ஐத் தொட்டானா இல்லையா என்று அந்தத் தாளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. தானாக ஒரு சதவீதம் போட்டு விண்ணப்பத்தை நிரப்புவது தவறு. கட்டணம் கட்டி, எஸ்எஸ்எல்சி தேர்வை நடத்தும் பரீட்சா பவனிலிருந்து மதிப்பெண் விவரத்தை வாங்கி வைத்துக்கொண்டு அதைப் பார்த்து நிரப்புங்கள். ஏ, பி கிரேடுக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

பதிவுக் கட்டணம் 250 ரூபாய். எழுத்துத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம், மலையாளத்திலும் எழுதலாம். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, கேரளத்திலிருந்து போடுகிறோமே என்று மலையாளத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இனி சான்றுகள். இவற்றில் தேதிதான் எமன். பஞ்சாயத்து கொடுக்கும் நன்னடத்தைச் சான்றும் திருமணமாகாதவர் சான்றும் ரேலி நாளுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். பதிவு செய்யும் உற்சாகத்தில் அன்றைக்கே வாங்கி வைத்தால், எழுத்துத் தேர்வு முடிந்து முடிவு வந்து ரேலி நடப்பதற்குள் காலாவதியாகிவிடும். தேர்வு முடிவு வந்த வாரத்தில் வாங்குவதே சரியான நேரம். அறிவிப்பில் சர்பஞ்ச் என்று போட்டிருப்பார்கள். நம் பக்கத்தில் அது பஞ்சாயத்துத் தலைவர்.

இருப்பிடச் சான்றும் சாதிச் சான்றும் போட்டோவோடு வேண்டும் என்பது நிபந்தனை. ஆன்லைனில் வாங்கும் சான்று போட்டோ இல்லாமல் பிரிண்ட் ஆகி வந்தால், மேலே ஒன்றை ஒட்டிவிட்டுப் போய் நிற்பது வீண். ஒட்டிய போட்டோவிலும் தாளிலும் பாதிப் பாதியாக விழும்படி அலுவலகத்தில் சீல் போட்டு வாங்க வேண்டும். தாசில்தார் கையெழுத்து என்று கேட்டிருந்தால் வில்லேஜ் ஆபீஸரின் கையெழுத்து செல்லாது. கேரளத்தில் பல சான்றுகள் வில்லேஜ் ஆபீஸிலேயே முடிந்துவிடும் என்பதால் இங்கே அடிக்கடி சறுக்குகிறது. சாதிச் சான்றில் மதம் குறிப்பிடவில்லை என்றால் அதற்குத் தனியாக ஒரு சான்று வேண்டும். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கேட்டு வாங்குங்கள். சரிபார்க்கும் ஹவில்தார் மலையாளமும் தமிழும் தெரியாதவராக இருக்கலாம்.

அபிடவிட், அதாவது உறுதிமொழிப் பத்திரம், 10 ரூபாய் முத்திரைத்தாளில், அறிவிப்பின் பின்னிணைப்பில் இருக்கும் வாசகத்திலேயே இருக்க வேண்டும். நோட்டரி தன்னிடம் உள்ள பழைய மாதிரியை எடுத்து டைப் செய்ய விடாதீர்கள். சிறிய மதிப்புத் தாள் கேட்ட நாளில் கிடைக்காது, முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

பாஸ்போர்ட் அளவு போட்டோ 20 பிரதி, வெள்ளைப் பின்னணி, மூன்று மாதத்துக்குள் எடுத்தது. முகத்தை வெளுப்பாக்கி கோட்டு சூட்டு போட்டுக் கொடுக்கும் ஸ்டுடியோ கைவரிசை இங்கே ஆகாது. கம்ப்யூட்டரில் மாற்றிய படத்தை வாங்க மாட்டார்கள். முடி வெட்டி, ஷேவ் செய்துவிட்டு எடுங்கள். அட்மிட் கார்டை லேசர் பிரிண்டில், அளவைச் சுருக்காமல் எடுக்க வேண்டும். ஒரு தாளில் இரண்டு பக்கம் என்று சிக்கனம் பார்த்தால் பார்கோடு ஸ்கேன் ஆகாது. அது வியர்வையில் நனைந்தாலும் கதை அதேதான், பிளாஸ்டிக் கவரில் போடுங்கள்.

ஒரிஜினல் ஒரு ஃபைல், அட்டஸ்ட் செய்த ஜெராக்ஸ் இரண்டு செட் இன்னொரு ஃபைல். போனில் இருப்பது சான்று ஆகாது.

பதினேழரை வயதில் போகிறவருக்கு இரண்டு வேலை அதிகம். 18 முடியாததால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அம்மாவோடு சேர்த்துத் திறந்த மைனர் வங்கிக் கணக்கும் உதவாது. கேட்பது பையன் பெயரில் மட்டும் உள்ள கணக்கு. பான் கார்டும் வேண்டும்.

மருத்துவப் பரிசோதனைக்கு முன் காதை ஈஎன்டி டாக்டரிடம் சுத்தம் செய்துகொள்ளுங்கள். காதில் அழுக்கு அடைத்திருந்தால் உள்ளே பார்க்க முடியாமல் தள்ளிவிடுவார்கள். ராணுவ ஆஸ்பத்திரிக்கு மறுபரிசோதனை எழுதிக் கொடுத்தால், சீட்டில் போட்டிருக்கும் நாளுக்குள் அங்கே போய் நிற்க வேண்டும். ஊருக்கு வந்து யோசித்துவிட்டுப் போகலாம் என்று கிளம்பினால் கெடு தாண்டிவிடும். கோழிக்கோட்டில் சீட்டு வாங்கியவர் அங்கிருந்தே டிக்கெட் போடட்டும்.